அந்தப் பாறையில் கைகள்!

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு டூர் போய்வந்தவர்களின் போனில் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். கடலே இல்லாத இடத்தில் ஓர் அலை எழும்பி, அப்படியே கல்லாக உறைந்து நிற்கும். அதன் அடியில் ஒருவர் கைகளை விரித்து, சர்ஃபிங் செய்வதுபோல போஸ் கொடுப்பார். 'வேவ் ராக்' என்ற அந்த கிரானைட் பாறையின் உயரம் சுமார் 15 மீட்டர், நீளம் 110 மீட்டர். பெர்த் நகரிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் தூரத்தில், ஹைடன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அங்கிருந்து சுமார் 20 நிமிடம் காரில் போனால் 'தி ஹம்ப்ஸ்' என்று இன்னொரு கிரானைட் குன்று. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால், அதன் அடியில் ஒரு குகை இருக்கிறது. பெயர், முல்காவின் குகை. ஆய்வாளர்கள் அதற்குள் 450-க்கும் மேற்பட்ட ஓவியத் தடங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மனிதக் கைகள்!

பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா, மாமா, அவர்களின் ஆறு வயது மகள் ஆகியோருடன் அந்தக் குகைக்குள் நுழைந்தேன். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, ஒரு கை தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு, பார்த்த பக்கமெல்லாம் கைகள்!

இவற்றில் பலவற்றை வரைந்திருக்கும் விதம் சுவாரஸ்யமானது. பாறைமேல் கையை விரித்து வைத்துக்கொள்வார்கள். காவி மண்ணையோ, வெள்ளைக் களிமண்ணையோ தண்ணீரில் குழைத்து, வாயில் வைத்து, கையைச் சுற்றிலும் ஊதுவார்கள். கையை எடுத்ததும் சுற்றிலும் வண்ணம் இருக்கும். கை இருந்த இடம் மட்டும் வெறும் பாறையாக நிற்கும். ரங்கோலி அச்சை வைத்துப் பொடி தூவுகிறோமே, அதுபோலத்தான். இங்கே அச்சு, ஒரு மனிதரின் கை.

"சித்தி, மேல இருக்கற கை யாரோடது? அவ்வளவு உயரத்துல எப்படி வெச்சாங்க?" என்று கேட்டாள் அக்கா மகள்.

அதற்கு அங்கே ஒரு கதை இருக்கிறது. பூர்வகுடிச் சட்டப்படி திருமணம் செய்யக் கூடாத ஒருவரை ஒரு பெண் காதலித்தாள். 'முறை' என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவளுக்குப் பிறந்த மகன்தான் முல்கா. மாறுகண்ணோடு பிறந்தவன், ராட்சசனைப்போல வளர்ந்தான். அவ்வளவு பலம் இருந்தும் அவனால் ஈட்டியைக் குறி பார்த்து எறிய முடியவில்லை. வேட்டை கிடைக்காத ஆத்திரத்தில் குழந்தைகளைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தான். கண்டித்த தாயையும் கொன்றுவிட்டு ஓடினான். மக்கள் அவனைத் துரத்திப்போய், 156 கிலோமீட்டர் தூரத்தில் டம்பிள்யங் என்ற இடத்தில் கொன்றார்கள். முறைப்படி அடக்கம் செய்யாமல் உடலை எறும்புகளுக்கு விட்டார்கள். உயரத்தில் இருக்கும் கைகள் முல்காவுடையவை என்கிறது கதை.

அக்கா, குழந்தைகளைத் தின்ற பகுதியைக் கத்தரித்துவிட்டு மீதியைச் சொன்னாள். எனக்கு முல்காவின் அம்மா மனதிலேயே நின்றுவிட்டார். காதலித்ததற்கும் தண்டனை, கண்டித்ததற்கும் மரணம். இப்படிப்பட்ட அம்மாக்கள் நம் ஊர்க் கதைகளிலும் இருக்கிறார்கள்.

இவ்வளவு பேர் இங்கே ஏன் வந்தார்கள்? குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் புரியும். கிரானைட் பாறையில் மழைத்தண்ணீர் இறங்காது, குழிகளில் தேங்கும். அந்தக் குழிகளுக்கு 'நாமா' என்று பெயர். தண்ணீர் ஆவியாகாமலும், விலங்குகள் விழுந்து கெடுக்காமலும் இருக்க, கல்லாலும் கிளைகளாலும் மூடி வைப்பார்களாம். வறண்ட நிலத்தில் பாறைதான் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் இருந்த இடத்தில் மனிதர்கள் கூடினார்கள்.

குகையிலிருந்து கிளம்பும் நேரத்தில், அக்கா மகள் ஒரு கைத்தடத்துக்கு நேராகத் தன் கையைக் கொண்டுபோனாள். அக்கா சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "பார்க்கலாம், தொடக் கூடாது."

"ஏன்? அவங்க மட்டும் வெச்சிருக்காங்களே?"

கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு மாமா சொன்னார், "அது அவங்க வீடு. நாம விருந்தாளி."

அதைவிட நல்ல பதில் எனக்கும் தெரியவில்லை. அந்த வண்ணம் வெறும் மண். நம் கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் கொஞ்சமாக அதை அழிக்கும். ஒரு கை பட்டால் ஒன்றும் ஆகாது என்று வருகிற ஒவ்வொருவரும் நினைத்தால், பாறை மட்டும்தான் மிஞ்சும்.

கையால் அழிப்பதற்கே இப்படி என்றால், வெடி வைத்தால்? அதுவும் இதே மாநிலத்தில் நடந்தது. வடக்கே பில்பாரா பகுதியில் இருந்த ஜூக்கன் பாறைக் குகைகளில் மனிதர்கள் சுமார் 46,000 ஆண்டுகளாகப் புழங்கிய தடயங்கள் இருந்தன. தலைமுடியில் பின்னிய, சுமார் 4,000 ஆண்டுகள் பழைமையான ஒரு பெல்ட்டும் அங்கே கிடைத்தது. அந்தத் தலைமுடி இன்று வாழும் புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களின் மூதாதையருடையது என்று மரபணுச் சோதனை காட்டியது. 2020 மே மாதம், இரும்புத் தாதுச் சுரங்கத்தை விரிவாக்க ரியோ டிண்டோ நிறுவனம் அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கு 2013-லேயே அரசு அனுமதி கொடுத்திருந்தது.

எல்லாம் 'சட்டப்படி'தான் நடந்தது. செய்தி எழுதும்போது நாங்கள் சாதாரணமாகப் போடும் வார்த்தை அது. அன்றிலிருந்து அதை டைப் செய்யும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குகிறது.

பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2023 ஜூலையில் புதிய பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விவசாயிகள் உள்ளிட்ட நில உரிமையாளர்களின் எதிர்ப்பால், சில வாரங்களிலேயே அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 1972-ம் ஆண்டின் பழைய சட்டமே திருத்தங்களோடு திரும்பி வந்தது.

முல்காவின் குகையை 'பழங்காலச் சின்னம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் 30,000 பேருக்குமேல் இன்றும் வாழ்கிறார்கள். அங்கே கை வைத்தவர்களுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஆபீஸ் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாம் போட்டோ எடுப்பது அவர்களின் குடும்ப ஆல்பத்தை.

அடுத்த முறை நீங்களோ, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ அந்தப் பக்கம் போனால், வேவ் ராக் முன்னால் தாராளமாக போஸ் கொடுங்கள். கூடவே ஒரு மணி நேரம் ஒதுக்கி முல்காவின் குகைக்கும் போய்வாருங்கள். உள்ளே போனதும் அவசரப்படாமல் நில்லுங்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள் இருக்கட்டும்.