கேபிள் கட்டிடம் தாண்டுகிறதா?

கோவை, திருப்பூர் பக்கம் மில்களுக்கும் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுப்பது என் தொழில். "ஃபைபர் போடலாமா, காப்பரே போதுமா?" என்று கேட்காத முதலாளி இல்லை. எது வேகம் என்ற நினைப்பில்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: கேபிள் கட்டிடத்தை விட்டு வெளியே போகிறதா?

போகிறதென்றால் ஃபைபர்தான், நாற்பது மீட்டரே ஆனாலும். காப்பருக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது பலருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் மின்சாரம். ஆபீசுக்கு ஒரு எர்த், குடோனுக்கு ஒரு எர்த். நடுவே செம்புக் கம்பி ஓடினால் ஐப்பசி மழையில் அருகே விழும் இடி அதன் வழியே பாய்ந்து இரு முனை சுவிட்சுகளையும் கருக்கிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. எலிக்குப் பயந்து எஃகுக் கவசக் கேபிள் போட்டால், அந்தக் கவசத்தை ரேக் வரை கொண்டுவராமல் நுழைவிடத்திலேயே வெட்டி எர்த் செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழை சிங்கிள் மோடாகவே (ஒளிக்கு ஒரே பாதை உள்ள வகை) இருக்கட்டும். பின்னால் வேகம் கூட்ட முனைகளிலுள்ள மாட்யூலை மாற்றினால் போதும்.

ஃபைபர் ஜாயின்ட் போடுவது பொறுமை கேட்கும் வேலை. மேல்பூச்சை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, செங்குத்தாக வெட்டினால் 125 மைக்ரான் கண்ணாடி முனை, இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசரின் திரையில் தெரியும். ஒரு தூசி தெரிந்தாலும் மறுபடி வெட்டுவேன்.

கட்டிடத்துக்குள் மேஜை வரை காப்பர்தான் என் கட்சி. கேமரா, வைஃபை பெட்டி, போன் எல்லாவற்றுக்கும் டேட்டாவோடு கரன்ட்டும் அதே கேபிளில் போகிறது. 2018இல் வந்த தரப்படி சுவிட்சிலிருந்து 90 வாட் வரை அனுப்பலாம். கண்ணாடி இழையால் அது முடியாது. பத்து கிகாபிட் வேண்டுமானால் கேட்-6 சுமார் 55 மீட்டர்தான் தாங்கும். கேட்-6ஏ 100 மீட்டரும் தாங்கும்.

ஏமாற்றுவது காப்பரில்தான். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை மலிவாகத் தலையில் கட்டுகிறார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதில் கரன்ட் அனுப்பினால் கம்பி சூடேறும். தூரத்துக் கேமராவுக்கு வோல்டேஜ் எட்டாது.

கடைசி பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஃபைபருக்கு ஓடிடிஆர் (இழைக்குள் ஒளி அனுப்பி இழப்பை அளக்கும் கருவி) ரிப்போர்ட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.