கேட்டுப் பெற்ற முகங்கள்

ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர் நோரியாக்கி சுச்சிமோத்தோ 2008ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், தமது 79ஆம் வயதில் மறைந்தார். நம்மில் பலர் கேட்டறியாத பெயர். ஆயினும் ரயிலோடு வளர்ந்த பெரம்பூருக்கும், ஆலைகளின் நடுவே வலை வீசும் எண்ணூருக்கும் அவர் அந்நியர் அல்லர்.

1962இல் டோக்கியோவின் மிகாவாஷிமாவில் ரயில்கள் மோதி 160 பேர் மாண்டனர். அதன்பின், தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை எடுத்துரைக்கும் படமொன்றை ஜப்பானிய ரயில்வே விரும்பியது. 1963இல் அவர் எடுத்துத் தந்த படத்திலோ, தாமதமான வண்டியை நேரத்துக்குக் கொண்டுசேர்க்க நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனின் வியர்வையே மேலோங்கி நின்றது. பயணிகளின் பாதுகாப்பு யாருடைய உடலுழைப்பில் நிற்கிறது என்பதை நம் லோகோ ஒர்க்ஸ் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பின்னர் அவரை ஆட்கொண்டது மினமாட்டா என்னும் கடலோர ஊர். சிஸ்ஸோ ஆலையின் கழிவுநீரில் கலந்த பாதரசம் மீனுக்குள் புகுந்து, அம்மீனை உண்டவர்களின் நரம்புகளைச் சிதைத்தது; கருவிலிருந்த குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. 1956இல் வெளிப்பட்ட நோய்க்கு ஆலையே காரணம் என அரசு ஒப்புக்கொண்டது 1968இல்தான்.

1965இல் தொலைக்காட்சிக்காக அங்கே சென்றபோது, தம் பிள்ளையைக் கேளாமல் படம் பிடிக்கிறார்கள் என்று ஒரு தாய் அவரைக் கடிந்துகொண்டார். சுச்சிமோத்தோ நிலைகுலைந்து போனார். 1970இல் திரும்பி வந்தவர், குழுவினரோடு அம்மக்களிடையே பல மாதங்கள் தங்கினார். 1971இல் வெளிவந்த படத்தில் நோயாளிகள் வெறும் காட்சிப்பொருள்கள் அல்லர். முதிய மீனவர் ஆழமில்லாக் கடலில் நடந்து ஆக்டோபஸ் பிடிக்கிறார். பாதிக்கப்பட்டோர் பங்குதாரர் கூட்டத்திற்கே சென்று ஆலைத் தலைவரிடம் நியாயம் கேட்கிறார்கள்.

1996ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக அவரும் மனைவியும் ஏறத்தாழ ஓராண்டு வீடு வீடாகச் சென்று, மாண்டோரின் படங்களைக் கேட்டுப் பெற்றனர். மறுத்த வீடுகளும் உண்டு. ஆயினும் சுமார் 500 முகங்கள் சேர்ந்தன. கல்லறைத் திருநாளில் நம் வீட்டுச் சுவரிலுள்ள படங்களுக்கு மாலையிடும் நமக்கு, அவற்றின் அருமை தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்தன. இத்தகைய நாட்களில் நிவாரணப் பையோடு நம் கைப்பேசியும் உடன் செல்கிறது. உதவி பெறுவதால் ஒருவர் தம் முகத்தின் மேலுள்ள உரிமையை இழந்துவிடுவதில்லை. படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்போம். வேண்டாம் என்றால் பையைக் கொடுத்துவிட்டு, அவர் சொல்வதைச் சற்று அமர்ந்து கேட்போம்.