மலையே ஏறாத மலை சைக்கிள்!

ஞாயிறு காலை தாம்பரத்திலிருந்து திருநீர்மலைக்குப் போகும் வழியில் இரண்டு தலைமுறை 'மலை சைக்கிள்'களையும் பார்க்கலாம். பழையது தொண்ணூறுகளின் ரேஞ்சர் அல்லது ஹெர்குலஸ். ஹெர்குலஸ் நம்மூர்ப் பிள்ளை, தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் 1949-ல் பிறந்த நிறுவனம். இரும்பு ஃப்ரேம், 26 அங்குலச் சக்கரம். பலவற்றில் கியரே கிடையாது. தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும்தான் 'மலை'!

புதியது 29 அங்குலம், அலுமினிய உடம்பு, முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். மழையில் இதுதான் ராஜா. ரிம் நனைந்தால் பழைய ரப்பர் பிரேக் வழுக்கும், ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது அது விளையாட்டல்ல.

ஆனால், ரிப்பேர்? பழசுக்குத் தெருமுனை சைக்கிள் கடை போதும். பிரேக் கட்டையைச் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார்கள், ஃப்ரேம் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கலாம். ஹைட்ராலிக் டிஸ்க்கில் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்தால், அதற்கான கருவி உள்ள கடையைத் தேடி அலைய வேண்டும். அலுமினியத்தைப் பற்றவைப்பதும் எல்லோருக்கும் கைவராது.

தினமும் ஸ்டேஷனுக்கு மிதிப்பவர்களுக்கு என் ஓட்டு பழசுக்கே. ஐப்பசி மழைக்கு முன் பிரேக் கட்டையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

திருநீர்மலையில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். அடிவாரத்தில் பூட்டிவிட்டு, ரங்கநாதரைப் பார்க்கப் படியேற வேண்டும்.