தங்கவயலின் வெளிறிய மேடுகள்

பங்காருபேட்டையில் பிரிந்து கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குள் (கே.ஜி.எஃப்) வரும் கிளை ரயில்பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று இடையில் வரும் நிறுத்தங்கள் சுரங்கங்களின் பெயரால் பிழைத்திருப்பவை. ரயில் உள்ளே வர வர, ஜன்னலின் இருபுறமும் இரண்டு பொருள்கள் மாறி மாறித் தெரியும். ஒன்று, துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள். ஷாஃப்டுக்குள் ஆளை இறக்கிய கூண்டுகள் ஒருகாலத்தில் அவற்றில்தான் தொங்கின. மற்றொன்று, மரமில்லாத, உச்சி தட்டையான, வெளிறிய மேடுகள். மழைநீர் அறுத்த ஓடைகள் அவற்றின் உடம்பெல்லாம் செங்குத்தாக இறங்கியிருக்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் இவற்றை இயற்கையான குன்றுகள் என்றுதான் நினைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சயனைடு டம்ப் என்றும் சயனைடு மலை என்றும் சொல்கிறார்கள்.

நூறு வருடத்துக்கு மேல் பூமிக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிய இடம் இது. ஆரம்பத்தில் அரைத்த பாறையைப் பாதரசத்தோடு சேர்த்துத் தங்கத்தைப் பிடித்தார்கள். அதில் தப்பிய தங்கத்தையும் விடக்கூடாது என்று சயனைடு முறை வந்தது. நீர்த்த சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் பிரிந்து படியும். எஞ்சிய சகதியை மேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் வடிந்தும் வெயிலில் காய்ந்தும் போன பிறகு அது மண் மாதிரி தெரியும். உண்மையில் அது மண் அல்ல. அதில் மட்கு இல்லை, புழு இல்லை, புல் பிடிக்கச் சத்து இல்லை.

13 மேடுகள். சுமார் 1,003 ஏக்கர். ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன். இந்தச் சுரங்கங்கள் தம் ஆயுளில் தந்த தங்கம் 800 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தால், இங்கிருந்து போன ஒவ்வொரு சவரனுக்கும் ஏறத்தாழ 330 கிலோ கழிவு இந்த ஊரில் தங்கியிருக்கிறது. சவரன் யார் வீட்டுக்கோ போயிற்று. மூட்டை மூட்டையான அந்தக் கழிவு மட்டும் தோண்டியவர்களின் வாசலிலேயே நிற்கிறது. தங்கவயலைப் பற்றி எழுத எத்தனையோ இருக்க, இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

தோண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். 1870களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்ததும் சுரங்கம் பெருந்தொழிலானது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள், தமிழர்கள். கம்பெனி அவர்களுக்குத் தட்டியடைத்த லைன் வீடுகளைக் கொடுத்தது. 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரியின் நீரிலிருந்து எடுத்த மின்சாரம், நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியாக வந்து இந்தச் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் மின்விளக்கு. துரைமார்களின் பங்களாக்களையும் கிளப்பையும் பார்த்து 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதியவர்கள் உண்டு. லைன் வீடுகளை அவர்கள் பார்க்கவில்லை.

லைன்களில் வேறொரு வாழ்க்கை உருவாகிக்கொண்டிருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேர்பிடித்த ஊர்களில் மாரிகுப்பம் முக்கியமானது. அவர் நடத்திய 'தமிழன்' இதழுக்குப் பின்னாளில் இங்கிருந்துதான் ஜி. அப்பாதுரையார் மறுபடி உயிர்கொடுத்தார். 1930இல், தொழிலாளர்களைக் குற்றவாளிகள்போல் கைரேகை வைக்கச் சொன்னபோது சுரங்கம் முழுவதும் வேலையை நிறுத்தியது. மானம் என்று வந்தால் கூலியை விட்டுக்கொடுக்கத் தயங்காத ஊர் இது. அப்படிப்பட்ட ஊர் மேடுகளின் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு காலம் பொறுத்திருக்கிறது என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆடி மாதத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பொறுமையின் விலை புரியும். மேற்கத்திக் காற்று மேட்டின் உச்சியை வழித்துக்கொண்டு வரும். மேட்டுக்கு எதிரே இருக்கும் லைன்களில் தண்ணீர்க் குடத்தின்மேல் தட்டு, தட்டின்மேல் ஈரத்துணி. ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலையைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் பழுப்பேறிவிடும். திண்ணையைப் பெருக்கிவிட்டு உள்ளே போன பெண், அரைமணியில் மறுபடி விளக்குமாறோடு வெளியே வருவாள். அவள் தள்ளிய தூசியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். கோலமாவைவிட நைசாக இருந்தது. அந்த நைசுதான் ஆபத்து. பெரிய மணல்துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இவ்வளவு பொடியான சிலிக்கா நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்கார்ந்துவிடும்; பிறகு வெளியே வராது.

இந்த ஊருக்கு அது நன்றாகத் தெரியும். இந்தியாவில் சிலிகோசிஸ் நோயைப் பற்றிய ஆரம்பகால மருத்துவ ஆய்வுகள் இங்குள்ள தொழிலாளர்களின் நெஞ்சைப் படமெடுத்துத்தான் எழுதப்பட்டன. 1940களில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. பூமிக்குக் கீழே கணவன் சுவாசித்த பாறைத்தூள், அரைக்கப்பட்டு மேலே வந்து, வீட்டுவாசலில் மனைவியும் பிள்ளையும் சுவாசிக்கும் காற்றில் கலந்தது. கீழே சுவாசித்தவருக்காவது சட்டத்தில் தொழில்நோய் என்று ஒரு இடம் உண்டு. மேலே சுவாசித்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

சயனைடு என்ற பெயரே பயமுறுத்துகிறது. ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும். பெயரில் இல்லாத பொருள்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இங்குள்ள தங்கப்பாறையோடு கந்தகமும் இரும்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த கனிமங்கள் கலந்திருக்கின்றன. அரைத்து வெளியே போட்டதும் அவை காற்றோடும் மழையோடும் சேர்ந்து அமிலமாகின்றன. அமிலம் உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இவற்றுக்குச் சிதைவு கிடையாது. மேட்டின் உடம்பில் தெரியும் அந்த ஓடைகள் ஒவ்வொன்றும் கழிவு இறங்கிப்போன வழி. கீழே ஏரிகளும் கிணறுகளும் கேழ்வரகு வயல்களும் இருக்கின்றன. இந்தப் பகுதி பாலாற்றுப் படுகை. சுரங்கத்துக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரியும் பாலாற்றில் கட்டியதுதான். அந்த ஆறு ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடி, வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. கடலே இல்லாத மேட்டுநிலத்து ஊர் என்று தங்கவயலைச் சொல்லலாம். ஆனால் கடலோடு அதற்கு உறவில்லை என்று சொல்லமுடியாது.

கடல் என்றதும் எண்ணூர் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிவு பெரிதில்லை என்று முதலில் சொன்னார்கள். இரண்டே நாளில் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் கெட்டித் தாராக ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கூலியாட்களும் வாளியால் அதை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை மூடியபோதும், மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நிவாரணம் போதவில்லை என்று மீனவர்கள் இன்றும் குமுறுகிறார்கள். அந்தக் குமுறல் நியாயமானது. ஆனால் அங்கே ஒரு தேதி இருந்தது. கறுப்பாக ஒரு கரை இருந்தது. கேமராவைத் திருப்ப ஒரு திசை இருந்தது.

தங்கவயலின் மாசுக்குத் தேதியே கிடையாது. எந்த நாளில் இந்த மேடு ஆபத்தானது என்று யாராலும் சொல்லமுடியாது. தாத்தா காலத்தில் இடுப்பளவு, அப்பா காலத்தில் பனையளவு, பேரன் பிறக்கும்போது அது மலை. மலையை எதிர்த்து யார் மனுக் கொடுப்பார்கள்? போதாததற்கு, மேட்டை வளர்த்த கம்பெனிதான் அந்தக் காலமெல்லாம் சோறும் போட்டது. வேலையைக் காப்பாற்றுவதா, தூசியைப் பற்றிப் பேசுவதா என்றால் எந்தத் தொழிலாளியும் வேலையைத்தான் காப்பாற்றுவான். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச்சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அடுத்த தலைமுறை விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. சுரங்கம் ஓடியவரை புதிய சகதி வந்து மேட்டின் முகத்தை ஈரமாக வைத்திருந்தது. அதுவும் நின்றுபோக, மேடுகள் காய்ந்து காற்றுக்கு வசமாயின. சரிவுகளில் செடி வைத்துப் பிடிமானம் உண்டாக்கும் முயற்சிகள் நடந்தன. சில இடங்களில் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரும்பரப்பு இன்னும் மொட்டையாகவே இருக்கிறது.

ஆனாலும் ஊர் வாயே திறக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சினிமாக்காரர்களுக்கு இந்த மேடுகள் பிடித்துப்போயின. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' படம் இந்த ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. அடுத்த பாகத்துக்காக 2019இல் மறுபடி வந்து மேட்டின்மேல் செட் போட்டபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று நீதிமன்றத்துக்குப் போனார். படப்பிடிப்பை நிறுத்திவைக்க உத்தரவும் வந்தது. பிறகு படம் எடுத்து முடித்தார்கள் என்பது வேறு விஷயம். வேலைக்காகவும் வீட்டுப்பட்டாவுக்காகவும் பாக்கிப் பணத்துக்காகவும் நீதிமன்றப் படியேறியே பழகிய ஊரில், மேட்டைத் தொடுவது ஊரைத் தொடுவது என்று ஒருவர் சட்டத்தின்முன் சொன்னார். அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது மேட்டைத் தொடப்போகிறவர் அரசாங்கமே. சகதியில் தப்பிப்போன தங்கம் டன்னுக்கு ஒரு கிராமை ஒட்டி இன்னும் இருக்கிறது. தங்கம் விற்கிற விலையில் அது லாபம். 13 மேடுகளையும் ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்று ஊரில் நம்பிக்கை. கால் நூற்றாண்டாகக் காத்திருந்தவர்களின் நம்பிக்கையை யாரும் லேசாகப் பேசக்கூடாது. சரியாகச் செய்தால் இது மேடுகளை ஊரைவிட்டு அகற்றும் வழியாகவும் அமையும்.

சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே நகரம் இருக்கிறது. அங்கும் இதே தொழில்தான்: பழைய தங்கக் கழிவைச் சயனைடில் போட்டு மறுபடி தங்கம் எடுப்பது. 2000 ஜனவரி 30 இரவு கழிவுக்குட்டையின் கரை உடைந்து, சயனைடு கலந்த ஒரு லட்சம் கன மீட்டர் நீர் ஆற்றில் பாய்ந்தது. திசா ஆற்றிலும் தன்யூபிலும் நாடு நாடாக மீன் செத்து மிதந்தது. மேட்டைக் கரைக்கும்போது காய்ந்த சகதி மறுபடி ஈரச் சகதியாகும். புதிய சயனைடு வரும். புதிய குட்டை வேண்டும். அந்தக் குட்டை எங்கே, அதன் கரை எந்த மழைக்குத் தாங்கும், அதன் கசிவு பாலாற்றை எட்டாமல் எப்படித் தடுப்பார்கள்? டன் கணக்கும் கிராம் கணக்கும் பேசுகிற அளவுக்கு இந்தக் கேள்விகள் பேசப்படக் காணோம்.

செலவு யாருடையது என்பதில் சட்டம் குழம்பவில்லை. இதே பாலாற்றின் கீழ்ப்பகுதியில் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. தங்கவயலில் மாசு செய்தவர் யார்? ஜான் டெய்லர் கம்பெனி போய்விட்டது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன, 1962இல் மத்திய அரசின் கைக்கு. பொறுப்பை வாரிசாகப் பெற்றவர் இன்று ஏலம் விடுகிற அதே அரசாங்கம்தான். அதனால் ஏலப் பத்திரத்திலேயே சில வரிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். மேடுகளைச் சுற்றியுள்ள லைன்களில் ஒவ்வொருவருக்கும் நுரையீரல் பரிசோதனை, வேலை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு வருடாவருடம். கிணற்று நீரிலும் ஏரி நீரிலும் ஆர்செனிக் அளவு எவ்வளவு என்று மாதாமாதம் தமிழிலும் கன்னடத்திலும் உரிகம் ரயில் நிலையத்திலும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலும் எழுதி ஒட்டவேண்டும். ஆடி ஆவணியில் மேட்டைத் தோண்டக்கூடாது. தோண்டிய முகத்தை அன்றன்றே நனைத்து மூடவேண்டும். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் ஒரு லோடுகூட வீடுகளின் பக்கம் திரும்பக்கூடாது. இவ்வளவுக்கும் ஆகும் பணத்தை முதல் கிராம் தங்கம் வருமுன்பே தனிக் கணக்கில் கட்டிவைக்கவேண்டும், அந்தக் கணக்கைப் பார்க்கும் குழுவில் லைன்களில் வாழ்கிறவர்கள் உட்காரவேண்டும்.