கூரை மேய்ந்தவர்களின் பிள்ளைகள்

பென்டில் ஹில், வென்ட்வேர்த்வில், டூங்காபி. மேற்கு சிட்னியில் ஈழத் தமிழர் நெருக்கமாக வாழும் இந்த இடங்களில் வீடு பார்க்கப் போகிறவர்கள் ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எப்படி, முருகன் கோயிலுக்குப் போக எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்பார்கள். சுவர் எதனால் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் 'செங்கல் வீடு' என்ற பதிலோடு மனம் ஆறிவிடும். அந்தச் செங்கல் வெளியே ஒற்றை வரிசைதான், கூரையைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கிற மரச்சட்டம் என்பது பலருக்குக் குடிபுகுந்த பிறகே தெரியவருகிறது.

எங்கள் வீட்டுக்கு அந்த ஒற்றை வரிசைச் செங்கல்லும் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கட்டடப் பொருட்கள் தட்டுப்பாடாகி, வேலை தேடிக் குடும்பங்கள் வந்து குவிந்த காலத்தில் மேற்கு சிட்னி எங்கும் எழுந்த ஃபைப்ரோ வீடுகளில் அதுவும் ஒன்று. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தூண்கள், தூண்களின் மேல் மர வளைகள், வளைகளின் மேல் பலகைத் தரை. மரச்சட்டத்தில் ஆணியடித்த மெல்லிய சீமெந்துத் தகடுதான் சுவர். வாங்கிய புதிதில் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, பெட்டி மாதிரிச் சத்தம் கேக்குது" என்றார். யாழ்ப்பாணத்தில் கல்வீடு என்றால் ஒரு மதிப்பு. அந்த மதிப்போடு வளர்ந்தவருக்கு இது வீடாகவே படவில்லை.

எனக்கு அது அம்மம்மாவின் வீட்டைப் போல இருந்தது. அம்மம்மாவின் மண்வீட்டுக்குப் பனையோலைக் கூரை. மாரி தொடங்கு முன் பழைய ஓலையைப் பிரித்து இறக்கிப் புது ஓலை மேய்வார்கள். அயலட்டை ஆட்கள் வந்து ஏறுவார்கள், வேலை முடிய எல்லாருக்கும் கூழ். இறக்கிய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். கிடுகு வேலியும் அப்படித்தான், கறையான் தின்னத் தின்ன அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திண்ணை மெழுகுகிறபோதே சுவரின் அடியில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று அம்மம்மாவின் கண் ஓடும். வீட்டைப் பார்ப்பது தனி வேலையாக இருக்கவில்லை, சமையலைப் போல நாளாந்தத்துக்குள் அடங்கியிருந்தது.

அடுத்த தலைமுறை சீமெந்தில் கட்டியது. அப்பா கட்டிய வீட்டில் கறையானுக்குத் தின்ன அதிகம் இல்லை. வளைகளும் சிலாகைகளும் வைரம் பாய்ந்த கறுப்புப் பனை, கறையான் இலேசில் அதில் வாய்வைக்காது. ஒருமுறை கட்டினால் முடிந்தது, பிறகு கலியாணத்துக்கோ சாமத்தியத்துக்கோ வெள்ளையடித்தால் போதும் என்ற எண்ணம் அங்கேதான் எங்களுக்குள் ஊறியது. அந்த எண்ணத்தோடு வந்துதான் நாங்கள் இங்கே மரவீடுகளை வாங்குகிறோம். அம்மம்மாவிடம் இருந்த பார்வைதான் இந்த வீடுகளுக்குத் தேவை.

சிட்னியில் ஒக்ரோபர், நவம்பரில், இடி மழைக்கு முந்திய புழுக்கமான மாலைகளில் ஈசல் கிளம்பும். வெளி விளக்கைச் சுற்றிப் பறந்து, சிறகை உதிர்த்துவிட்டுச் சோடி சோடியாக ஊர்ந்து போகும். யன்னல் படியில் உதிர்ந்த சிறகுகள் கிடந்தால் கூட்டித் தள்ளிவிட்டுப் போய்விடக் கூடாது. எங்கோ கிட்டடியில் முதிர்ந்த புற்று ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இங்கே வீடுகளுக்கு மிகப் பெரிய கேடு செய்யும் இனம் கொப்டோடெர்மெஸ். யூகலிப்டஸ் மரத்தின் அடியிலோ, வெட்டிவிட்டு மறந்துபோன குற்றியிலோ கூடு வைத்து, அங்கிருந்து நிலத்துக்கடியில் 50 மீட்டருக்கும் மேல் வந்து இரை தேடும். ஆகவே என் வீட்டுக் கறையான் பக்கத்து வளவு மரத்திலிருந்தே வந்திருக்கலாம். பலகையின் உள்ளே தின்றுகொண்டு போகும், மேற்பூச்சை மட்டும் தாள் மாதிரி விட்டுவைக்கும். பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிகள் இந்தச் சேதத்துக்கு ஒரு சதமும் தருவதில்லை. 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த பரிசோதகர் லெபனான் வழிவந்த இளைஞர். பலகைத் தரைக்குக் கீழே நெஞ்சால் ஊர்ந்து போய்த் தூண் தூணாக டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஓரம் கீழ்நோக்கி மடிந்த ஒரு தகரம் இருக்கிறது. அது கறையானைத் தடுக்கும் என்றே நினைத்திருந்தேன். அப்படித் தடுக்காது என்றார். மரத்துக்கு ஏற வேண்டுமானால் அந்தத் தகரத்தின் விளிம்பைச் சுற்றி மண்குழாய் கட்டியாக வேண்டும், கட்டினால் பார்ப்பவன் கண்ணில் படும், தகரத்தின் பயன் அவ்வளவுதான். நிறுத்த முடியாத ஒன்றைப் பார்வைக்குக் கொண்டுவரத் தெரிந்திருந்த அந்தக் காலத்துத் தச்சர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் இருக்கிறது. ஆனால் கீழே ஊர்ந்து போய்ப் பார்க்க ஒருவர் இல்லையென்றால் தகரத்தால் ஒரு பயனும் இல்லை.

பின்பக்கத் தூண் ஒன்றில் மண்குழாய் ஏறியிருந்தது. அம்மா அப்போது எங்களோடு இருந்தா. "மண்ணெண்ணெயை ஊத்திவிடு பிள்ளை, ஓடிப்போயிடும்" என்றா. பரிசோதகருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். குழாயை உடைக்கவோ, கடையில் வாங்கும் பூச்சி மருந்தை அடிக்கவோ வேண்டாம், கலைத்தால் அந்த வழியை விட்டுவிட்டு நாங்கள் காணாத வேறோர் இடத்தால் ஏறும் என்றார். இரைப் பெட்டி வைத்தார். அந்த இரையைத் தின்ற வேலைக்காரக் கறையான் மற்றவைக்கும் ஊட்டும். அதிலுள்ள மருந்து அவற்றைத் தோல் கழற்ற விடாது, வாரங்கள், மாதங்கள் போகக் கூடு முழுவதும் ஒடுங்கும். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப புத்துக்குள்ள இருக்கிற தாய்க்குப் போய்ச் சேரோணும் எண்டுறார், சரிதானே" என்றா. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்பாதி உலகமாதலால் இங்கே வடக்குச் சுவரில்தான் வெயில் விழும். குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமே என்று கறிவேப்பிலையையும் முருங்கையையும் அந்தச் சுவரோடு ஒட்டி நட்டு, மண்ணை அணைத்து, மரச்சீவலைப் பரப்பி, நாள்தோறும் தண்ணீர் விடுகிறோம். ஈரம், மறைவு, மரம் மூன்றும் சேர்ந்த இடம் அது. செங்கல் வீடுகளில் சுவரின் அடியில் மூச்சுவிடவும் நீர் வடியவும் விட்டிருக்கும் துவாரங்களையும் அந்த மண் மூடிவிடுகிறது, அதற்குப் பின்னால் கறையான் ஏறினால் யாருக்கும் தெரியாது. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து அதே சுவரோரம் நிறுத்தலாம். வெயில் அப்படியே கிடைக்கும், சுவரின் அடியும் கண்ணுக்குத் தெரியும்.

மற்றப் பூச்சிகள் எனக்குப் பெரிய கவலையில்லை. அரிசி மூட்டையில் வண்டு வந்தால், பிரித்துச் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் சேர்ந்து சாகும், காய்ந்த வேப்பிலையை விட அது நிச்சயம். குசினிக் கரப்பானுக்குச் சுவரெல்லாம் மருந்தடிப்பதை விடப் பிணைச்சல் இடுக்கில் வைக்கும் துளிப் பசை நல்லது. உள்ளங்கை அகல ஹன்ட்ஸ்மன் சிலந்தி சுவரில் ஓடினால் பிள்ளைகள் கத்துவார்கள். அது கரப்பானைத் தின்னும், மனிதருக்கு ஆபத்தில்லை. போத்தலால் மூடி, மட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடப் பழக்கியிருக்கிறேன்.

சொந்தக் கையால் வீட்டைத் திருத்துவது இந்த நாட்டில் கூலியின் கனத்தால் வரும் பழக்கம். ஊரில் மேசனையும் தச்சரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் பக்கத்தில் நின்றவர்கள், இங்கே சனிக்கிழமை காலை பன்னிங்ஸ் கடையில் திருகாணிப் பகுதியில் நிற்கிறோம். அங்கே ஆலோசனை சொல்லும் முதியவர்களில் பலர் ஓய்வுபெற்ற தொழிலாளிகள், கேட்டால் மனம் நிறையச் சொல்லித் தருவார்கள். சட்டத்தின் எல்லையும் உண்டு. ஒரு மின்சார ஆளி மாற்றுவதைக்கூட உரிமம் இல்லாதவர் செய்யக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 10,000 டொலருக்கு மேற்பட்ட கட்டட வேலையை வீட்டுக்காரர் தானே பொறுப்பெடுத்துச் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். பூச்சு, பலகை, அலுமாரி என்று மிச்சம் நிறைய இருக்கிறது. பலகைத் தரையைத் தேய்த்து எண்ணெய் பூசிய நாளில், இந்த வீடு என் வீடு என்று முதன்முதலாக உடம்பில் உணர்ந்தேன்.

ஆனால் ஃபைப்ரோ விசயத்தில் அம்மம்மாவின் அறிவும் அப்பாவின் அறிவும் உதவாது. 1980களின் நடுப்பகுதிக்கு முன் செய்த அந்தத் தகடுகளில் சீமெந்தோடு சேர்ந்திருப்பது அஸ்பெஸ்டஸ் நார். அவற்றைச் செய்த ஜேம்ஸ் ஹார்டி தொழிற்சாலை ஒன்று பரமட்டாவை ஒட்டிய கமீலியாவில், எங்கள் வீட்டிலிருந்து சிறு பயணத் தூரத்தில்தான் இருந்தது. அங்கே வேலை செய்து நோயுற்று, தொழிலாளர்களின் இழப்பீட்டுக்காக மூக்கில் ஒட்சிசன் குழாயோடு போராடிய பெர்னி பான்டன் 2007 நவம்பரில் இறந்தார். அஸ்பெஸ்டஸ் பயன்பாட்டை அவுஸ்திரேலியா முற்றாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31இல்தான். சுரங்கத்தில் வெட்டியவர்கள் முதலிலும், தொழிற்சாலையிலும் கட்டடத்திலும் வேலை செய்தவர்கள் அடுத்தும் செத்தார்கள். மூன்றாவது அலை, பழைய வீட்டைத் தாங்களே உடைத்துத் திருத்துகிறவர்கள் என்று இங்குள்ள மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மீசோதீலியோமா என்ற புற்றுநோய், அஸ்பெஸ்டஸ் தூசியைச் சுவாசித்து 20, 30, 40 ஆண்டுகள் கழித்தும் வரும்.

இலங்கையில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கூரை ஒரு முன்னேற்றம். எங்கள் விறாந்தைக்கும் அப்பா அதைத்தான் போட்டார். உடைந்த துண்டால் சீமெந்து நிலத்தில் கோடு கீறிக் கெந்தி விளையாடியிருக்கிறோம். ஷெல் விழுந்து கூரை நொறுங்கியபோது துண்டுகளைக் கையால் அள்ளித் தும்புத்தடியால் கூட்டினோம். அந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் இந்தத் தகடு ஆளைக் கொல்லும் என்று சொன்னால் சிரிப்பார்கள். "ஊரில எத்தினை வருசம் அதுக்குக் கீழ படுத்தெழும்பின்னாங்கள்" என்று என்னிடம் கேட்ட அண்ணையின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் உண்டு. உடையாமல், தேயாமல், பூச்சோடு இருக்கும் தகட்டின் கீழ் படுத்தெழும்பலாம். அதை அறுக்கும்போதும், துளைக்கும்போதும், தேய்க்கும்போதும், அழுத்த நீரால் கழுவும்போதும்தான் நார் காற்றில் ஏறுகிறது.

குளியலறையைத் திருத்துமுன் நாங்கள் சுவரின் சிறு துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். சுவரிலும் உட்கூரையிலும் இருக்கிறது என்று முடிவு வந்தது. 10 சதுர மீட்டர் வரை நார் இறுகிய தகட்டை வீட்டுக்காரரே கழற்றச் சட்டம் இடம் தருகிறது. நனைத்து, உடைக்காமல் இறக்கி, 200 மைக்ரோன் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென்றே உள்ள கிடங்கில் சேர்க்க வேண்டும். சட்டம் விட்டாலும் நான் விடவில்லை, உரிமம் உள்ளவர்களே கழற்றினார்கள். குளியலறைத் தளத்து ஓடுகளுக்காகச் சேர்த்த பணம் அதற்குப் போனது. வெளிச்சுவர்கள் நல்ல நிலையில் இருந்ததால் தேய்க்காமல் மேலே பூச்சு மட்டும் அடித்து அப்படியே விட்டிருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது எங்கள் நல்ல வழக்கம் ஒன்றுதான். கூரை மேய அயல் கூடி வந்ததைப் போல, இங்கே ஒருவர் வீடு வாங்கினால் சனி ஞாயிறு எல்லாரும் சேர்ந்து இறங்கிவிடுகிறோம். ஒருவர் சுத்தியலால் சுவரை உடைப்பார், இன்னொருவர் அள்ளுவார், பெண்கள் கூட்டிப் பெருக்குவோம், பிள்ளைகள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஓடி விளையாடும், மத்தியானம் அதே இடத்தில் இருந்து சாப்பிடுவோம். தனியாகச் செய்தால் ஒருவர் சுவாசிக்கும் தூசியைப் பத்துப் பேர் சுவாசிக்கிறோம். உதவிக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது, அப்படி வளர்க்கப்படவில்லை. ஆகவே கூப்பிடுகிற இடத்தில் முதலில் கேட்கிறேன்: "வீடு எந்த வருசம் கட்டினது? சுவரைச் சோதிக்கக் குடுத்தனீங்களே?" போன மாதம் டூங்காபியில் ஒரு இளம் தம்பதி இல்லை என்றார்கள். அன்றைக்குச் சுவரை விட்டுவிட்டு எல்லாருமாகத் தோட்டத்தில் இறங்கி, வடக்குச் சுவரோடு அணைத்திருந்த மண்ணை வெட்டி அகற்றினோம். சாப்பாடும் வெளியேதான். ஆய்வுகூடத்தின் முடிவு வந்ததும் அடுத்த சனிக்கிழமை எது என்று சொல்வதாக அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார்.