பாவின் கணக்கு

ஆடை வடிவமைப்புக் கல்வியை முடித்து, சொந்தமாக ஒரு வியாபாரம் தொடங்கும் உத்தேசத்தோடு, கடையின் பெயரும் முத்திரையும் திறப்புவிழா நாளும் உட்பட யாவற்றையும் தடித்த நோட்டுப் புத்தகமொன்றில் எழுதி வைத்திருந்த என் நண்பரின் மகள், தான் வரைந்த பன்னிரண்டு பட்டுச் சேலைகளின் சித்திரங்களை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திற்குப் புறப்பட்டபோது, துணைக்கு நானும் போனேன். அது ஆவணி மாதம். பிள்ளையார்பாளையத்தை நாங்கள் அடைந்த வேளையில், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று, தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கிழைகளை, இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைக் கண்ணாலும் விரலாலும் தேடிப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள் நாலைந்து பேர்.

நாங்கள் தேடிச் சென்ற நெசவாளர் வீட்டின் முன்னறை முழுவதையும் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. குழியில் கால்களை இறக்கி அவர் அமர்ந்திருக்க, பக்கத்தில் அவருடைய மனைவி. உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு வேறொரு வர்ணமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலின் ஊடையும், அதாவது குறுக்கிழையும், கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோத்துத் திருப்ப வேண்டும். ஆகையால் ஒருவர் கைக்கு அது அடங்காது. முந்தானையும் வேறு வர்ணமாக இருக்க வேண்டுமானால், உடல் பாவின் இழைகளோடு முந்திப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கிற பிட்னி வேலையும் உண்டு. அந்த அம்மாள் எங்களோடு பேசிக்கொண்டே நாடாவை வீசினார். ஒரு முறைகூடக் கணவரின் கைக்காக இவர் கையோ, இவர் கைக்காக அவர் கையோ காத்து நிற்கவில்லை.

பெண் தன் சித்திரங்களைக் காட்டினாள். நெசவாளர் தறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"படம் லட்சணமா இருக்குதும்மா. ஆனா ஒரு பாவு கட்டினா மூணு சேலை வரும். பன்னெண்டுக்கும் தனித்தனிப் பாவுன்னா முப்பத்தாறு சேலை ஆகுதே, வித்துடுவீங்களா?"

"அவ்வளவு பணம் என்கிட்ட இல்லைங்க ஐயா."

"அப்ப நாலு பாவுல அடக்கப் பாருங்க. பாவு ஒண்ணா இருந்தாலும் ஊடையை மாத்தினா உடம்போட சாயல் மாறும். முந்தியில புட்டாவை மாத்தலாம். கரை டிசைனை மட்டும் மாத்தாதீங்க. ஜக்கார்டுக்குப் புதுசா அட்டை அடிக்கணும், அது தனிச் செலவு."

மூலதனம், வர்ணம், அழகு மூன்றையும் ஒரே மூச்சில் நிறுத்துச் சொன்ன அந்த யோசனையைக் காட்டிலும் சிறந்த வியாபாரப் பாடத்தை நான் எங்கும் கேட்டதில்லை; அது தறியருகில்தான் கிடைக்கும். கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் ஏற்படுத்திப் பழைய அகலக் கரைகளையும் வர்ணச் சேர்க்கைகளையும் ருக்மிணி தேவி மீட்டெடுத்ததற்கு, அவருடைய ரசனை எவ்வளவு காரணமோ, தறி கூப்பிடு தூரத்திலேயே இருந்ததும் அவ்வளவு காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன் கடை திறப்பது என்று நோட்டில் எழுதியிருந்தது. வேலைக்குத் தக்கபடி ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும் என்றார் நெசவாளர். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு கட்ட முடியாது, தறிக்குழியிலும் தண்ணீர் ஊறும் என்றார். நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். வாடகைக்கும் விளக்குகளுக்கும் விளம்பரத்திற்கும் புகைப்படத்திற்கும் தனித்தனியே பக்கங்கள் ஒதுக்கியிருந்த அதில், இந்த இருவருடைய உழைப்பு முழுவதும் 'துணி' என்ற ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்ததைக் கண்டு என் மனம் வேதனைப்பட்டது.

"அம்மா, உங்களுக்குத் தனியாக் கூலி உண்டா?" என்று அவள் கேட்டாள்.

"சேலைக்குத்தானே கூலி? ரெண்டு பேருக்கும் அதுலதான். பையன் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான். மாசமானா சம்பளம் வந்துடுது. தறியில உக்காருன்னு அவனை எப்படிக் கூப்பிடுறது?"

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரின் பெயரைச் சட்டம் காக்கிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளில் இரண்டாவது ஜோடிக்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லாதது அநியாயம். ஆடைத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் கடைக்கு இடம் பார்ப்பதற்குமுன் ஒரு நாள் முழுவதும் இப்படியொரு தறியருகில் உட்கார்ந்திருக்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்புவதற்குமுன் அந்தப் பெண், 'துணி' என்பதை அடித்துவிட்டு, நெசவுக்கு ஒரு கூலி, கோர்வைக்கு ஒரு கூலி என இரண்டு வரிகள் எழுதினாள். ஐப்பசியைத் தையாக மாற்றினாள். கடை வாடகைக்கென்று வைத்திருந்த தொகையிலிருந்து ஒரு பாவுக்கு முன்பணம் கொடுத்தாள். அரக்கு உடலும் மயில்கழுத்துக் கரையுமாக அந்தப் பாவில் வரும் மூன்று சேலைகளும் கைக்குக் கிடைக்க இரண்டு மாதமாகும்.