கைப்பழக்கமா, மூளைப்பழக்கமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

ஒரு வேலையைத் திறம்படச் செய்பவரைக் “கைதேர்ந்தவர்” என்கிறோம். நாற்று நடுவதும், பூத் தொடுப்பதும், இரும்பு அறுப்பதும் கைப்பழக்கம் என்றே சொல்லி வருகிறோம். ஆனால் பழகுவது உண்மையில் கைதானா? இதற்கு அறிவியல் தரும் விடையையும், என் இல்லத்திலேயே நான் கண்ட விடையையும் ஈண்டு எழுத விழைகிறேன்.

1870-ஆம் ஆண்டு பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இரு மருத்துவர்கள் நாயின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினர். எதிர்ப்பக்கக் கால் அசைந்தது! 1937-இல் கனடா நாட்டின் பென்ஃபீல்டு, போல்ட்ரே ஆகியோர், மூளை அறுவையின்போது விழித்திருந்த நோயாளிகளிடம் கண்டவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். மூளையின் இயக்கப் புறணியில் உடம்பின் நடுப்பகுதிக்குக் கிடைத்த இடம் சிறிது. கைக்கும் முகத்திற்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது.

அப்படியானால், ஒரு விளக்குக்கு ஒரு சுவிட்சு என்பதுபோல், ஒரு தசைக்கு மூளையில் ஒரு புள்ளி உண்டோ? இல்லை. இயக்கப் புறணியின் ஒரு நரம்பணு, எதிர்ப்பக்கம் கடந்து தண்டுவடத்தில் இறங்கி, பல தசைகளை ஆளும் நரம்பணுக்களுக்குக் கிளை விடுகிறது. ஒரே தசைக்குப் புறணியின் பல இடங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. 2002-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிராசியானோ குழுவினர் குரங்கின் இப்பகுதியில் ஓரிடத்தை அரை விநாடி தூண்டினர். விரல்கள் எதையோ பற்றுவதுபோல் குவிந்தன, கை வாயருகே சென்றது, வாயும் திறந்தது! அங்கே வெளிப்பட்டது தனித் தசையின் துடிப்பன்று, முழுமையானதொரு செயல்.

இனி என் இல்லத்திற்கு வருகிறேன். என் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஏற்றி இறக்கியவர். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது கம்பிக்கட்டு சரிந்து அவருடைய வலது மேற்கை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் அதனைச் சுற்றி ஓடும் ஆரை நரம்பு உயிர் பெறவில்லை. மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. டம்ளரைப் பிடித்தால் நழுவும். “கை போச்சு” என்றனர் உறவினர். என் படிப்பை நிறுத்தி என்னையும் கம்பி சுமக்க அனுப்பச் சொன்னவர்களும் உண்டு. தந்தை இசையவில்லை. என் கல்லூரி விண்ணப்பத்தில் இடக்கையால் கையொப்பமிட்டார்.

ஓராண்டு காத்திருந்தபின், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவை நடந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையை எடுத்து, மணிக்கட்டைத் தூக்கும் தசைநாணோடு இணைத்தனர். விரல்களை நீட்டவும் வேறு நாண்களை மாற்றிப் பொருத்தினர். நான்கு வாரங்களில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பயிற்சியளித்த அம்மையார், “ஐயா, மணிக்கட்டைத் தூக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க. உள்ளங்கையைக் கீழே திருப்புறதா நினைச்சுக்கிட்டே தூக்குங்க” என்றார். மணிக்கட்டு மெல்ல எழுந்தது!

அன்று முதல் இரவுதோறும் காலி டம்ளரை எடுத்து வைத்துப் பழகினார். சில மாதங்கள் கழித்து, “நைனா, இப்ப எப்படி நெனச்சுத் தூக்குற?” என்று கேட்டேன். “என்னத்தடா நெனைக்கிறது? டம்ளர எடுக்கணும்னா கை எடுக்குது” என்றார். தசை பழைய தசைதான். அதற்கு மூளை புதிய வேலை கற்பித்துவிட்டது.

இத்தகைய அறுவைக்கு நம் தமிழகத்தில் பெருமைமிகு வரலாறு உண்டென்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை இவ்வாறே தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். மருத்துவரின் கத்தி நாணை மாற்றும். பழக்கத்தை மாற்றுவது நோயாளியின் மூளையும் விடாமுயற்சியுமே.

தந்தை கம்பி சுமக்கத் திரும்பவில்லை, காவலாளியாக இருக்கிறார். இவ்வாண்டு என் கல்வி உதவித்தொகைப் படிவத்தில் வலக்கையால் கையொப்பமிட்டார். எழுத்து சற்றுக் கோணல்தான். நம்மில் பலருடைய வீடுகளிலும் இயந்திரங்களோடு உழலும் கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று சோர்ந்து விழுந்தால், “கை போச்சு” என்று தீர்ப்பெழுதாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், தோழர்களே!